சிகரச் சிங்கத்தின் மாமனார்

19 மே, திங்கள்

காலை 6.10க்குப் பிரம்மநாயகம் வந்து கேட்டைத் தட்டினார். எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அவர். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“டிவியப் போடுங்க சார்வாள். மாப்பிள்ளை விசயம் ஓடுது.”

போட்டேன். திருமலைக்குமார் இறந்துவிட்டார். நேபாளத்தில் ஒரு சிகரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில், நேற்றுப் பிற்பகல். வயது முப்பத்தெட்டு. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் ஐந்தில் ஏறியவர். இது ஆறாவது. பத்திரிகைகள் ‘சிகரச் சிங்கம்’ என்று எழுதும். என் ஒரே மகள் கோமதியின் கணவர்.

கோமதி 5.15க்கே பால் பண்ணைக்குப் போய்விட்டாள். அங்கே பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. 7.05க்கு அவளே அழைத்தாள்.

“தெரியும்ப்பா. கேன்டீன் டிவில பாத்துட்டேன். இன்னும் நாலு சாம்பிள் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வாரேன்.”

“உடனே வாயேம்மா.”

“பால் காத்திருக்காதுப்பா” என்றாள்.

10.40க்கு ஒரு நிருபர் தொலைபேசியில் பேசினார். மரியாதையான பையன். கடைசியாகக் கேட்டார்: “சார், உங்க பொண்ணு தினமும் விளக்கேத்தி வச்சு அவருக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்களா?”

ஆமாம் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று யோசிக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் இருந்தவன். கேட்ட புத்தகம் இல்லை என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்கு விளக்கேற்றுவது வழக்கம். வீட்டில் இருக்கும் நாட்களில் கோமதிதான் ஏற்றுவாள். ஆகவே நான் சொன்னது முழுப் பொய் ஆகாது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு வருவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

ரத்த அழுத்தம் 156/92.

20 மே, செவ்வாய்

நறுக்கு எண் 612. முதல் பக்கம், நான்கு பத்தி. ‘விளக்கேற்றிக் காத்திருந்த மனைவி. வரவில்லை சிகரச் சிங்கம்.’ மாப்பிள்ளையைப் பற்றி வரும் செய்திகளைத் திருமணத்திலிருந்தே கத்தரித்து ஒட்டி வருகிறேன். நான்கு தொகுதிகள் ஆகியிருக்கின்றன. இன்றும் கை தானாகக் கத்தரியை எடுத்துவிட்டது.

கோமதி மேசையருகே வந்து படித்தாள்.

“யாருப்பா காத்திருந்தா?”

நிருபர்கள் அவர்களாக எதையாவது எழுதிக்கொள்வார்கள் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோசை வார்க்கப் போனாள்.

இது துக்க வீடா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலிகளை வெளியே போடலாமா கூடாதா என்று ஒன்பது மணி வரை யோசித்தேன். அதற்குள் பிரம்மநாயகம் பந்தல்காரரை அழைத்து வந்து தெருவில் தகரப் பந்தல் போட்டு ஐம்பது நாற்காலிகளையும் இறக்கிவிட்டார். மதியத்துக்குள் எல்லாம் நிரம்பிவிட்டன. வந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் ஏழு பேர்.

இந்தக் குறிப்பேட்டை வேறு யாரும் படிப்பதில்லை. ஆகையால் எழுதலாம். கோமதி இங்கே வந்து வரும் ஜூனோடு இரண்டு வருடம். பால் பண்ணைக்குப் போய்வர வசதி என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன். சென்ற டிசம்பரில் இருவரும் மனமொத்துப் பிரிவதாகக் குடும்ப நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இருவரும் நேரில் வந்து சொன்னால் தீர்ப்பு. தேதி ஜூன் 9. இது எங்களுக்கும் வக்கீலம்மா ஜெபசீலிக்கும் குமார் வீட்டாருக்கும் மட்டும் தெரியும்.

இன்னும் இருபது நாள்.

21 மே, புதன்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். ஒன்றில் அஞ்சலி செலுத்தும் பதினோரு பேரின் படங்களும் குமார் படத்தைவிடப் பெரியவை. முருகன்குறிச்சி அருகே வைத்திருக்கும் பேனரில் பனிக்கோடரியோடு நிற்பவர் குமாரே அல்ல, யாரோ வெள்ளைக்காரர். கண்ணாடியும் முகமூடியும் போட்டிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அவரு சாகலல்லா. குகைக்குள்ள தியானத்துல இருக்காராம். ஆடியோ வந்திருக்கு.”

“பொறவு என்னத்துக்குல போஸ்டர் ஒட்டுதான்?”

“போஸ்டர் ஒட்டுறவன் ஒட்டுதான். ஒனக்கென்ன.”

கத்தரிக்காய் வாங்க மறந்து திரும்பினேன்.

22 மே, வியாழன்

மழை இல்லை. வந்தவர்கள் 140க்கு மேல். எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

23 மே, வெள்ளி

கோமதி இன்று வேலைக்குப் போனாள்.

“இன்னும் ஒரு நாலு நாள் பொறுக்கலாமே” என்றேன்.

“எதுக்குப்பா?”

ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். 5.15க்குப் பந்தலில் யாரும் இல்லை. ஆனால் பண்ணை வாசலில் ஒரு தொலைக்காட்சிக்காரர் நின்றிருக்கிறார். பிற்பகல் முழுக்க அதே பதினோரு நொடிப் படம்: கோமதி ஸ்கூட்டியை நிறுத்துகிறாள், ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள், உள்ளே போகிறாள். கழுத்தில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். தாலி எங்கே என்று கேட்டார்கள். அந்த அலைவரிசையில் நால்வர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். துயரத்தின் உச்சத்தில் கழற்றியிருப்பார் என்றார் ஒருவர். பதினாறாம் நாளுக்கு முன் கழற்றக்கூடாது என்றார் இன்னொருவர். அவள் அதைச் சென்ற டிசம்பரில் மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று கழற்றி, ஒரு பழைய மருந்துப் பெட்டியில் வைத்து, குமாரிடமே கொடுத்துவிட்டாள். நான் அருகில் இருந்தேன்.

மாலையில் பிரம்மநாயகம் சொன்னார்: “பாப்பா வேலைக்குப் போனது நாலு பேரு நாலு விதமா பேசுதாங்க சார்வாள். நான் சமாளிச்சிட்டேன். புருசன் ஆறாவது உச்சியத் தொட்டாரு, பொண்டாட்டி கடமையத் தொட்டான்னு சொன்னேன். கைதட்டிட்டாங்க.”

நன்றி சொன்னேன்.

24 மே, சனி

ஏதோ ஓர் அமைப்பு கேட்டுக்கொண்டதாம். மாலை ஆறரைக்கு மாவட்டம் முழுக்க வீட்டு வாசல்களில் விளக்கு. ‘விளக்கேற்றிக் காத்திருந்த சகோதரிக்காக.’ எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெர்மோகோலில் ஒரு மலை செய்து, உச்சியில் கொடி குத்தி, ஊர்வலமாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். காற்றுக்கு அது கவிழ்ந்து விளக்கில் பட்டு ஒரு பக்கம் உருகிவிட்டது. ஒரு டீச்சர் அழுதார்.

எங்கள் வீட்டில் மட்டும் விளக்கில்லை. கோமதி ஏற்ற மறுத்துவிட்டாள். நானும் ஏற்றவில்லை. துக்கம் தாங்காமல் என்று வெளியே எடுத்துக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: “அந்த விளக்குச் சமாச்சாரத்த நீங்கதான சொன்னீங்க?”

“அவர் கேட்டார். நான் ஆமாம்னு மட்டும்தான் சொன்னேன்.”

“சரி.”

ரசத்தை ஊற்றினாள். நான் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் உட்காருவேன். அவளுக்கு இடது காது கேட்காது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் ஏற்பட்டது.

25 மே, ஞாயிறு

குமாரின் அண்ணன் வேலாயுதம் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து காரில் வந்தார். உடன் நான்கு பேர். உடலைக் கீழே கொண்டுவர வழியில்லை என்று நேபாளத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். தர்ப்பையில் உருவம் செய்து எல்லாச் சடங்கையும் முடிப்பது, ஜூன் 2ஆம் தேதி பதினாறாம் நாள், அன்றே அவர்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு என்று முடிவாகியிருக்கிறது.

குமார் எப்படி இறந்தார் என்பதும் தெரிந்தது. தனக்குக் கீழே சரிந்துகிடந்த ஒரு கொரியாக்காரருக்குத் தன் பிராணவாயுக் குப்பியைக் கொடுத்திருக்கிறார். கூட இருந்த ஷெர்பா சொன்னது. அந்தக் கொரியாக்காரர் பிழைத்துக்கொண்டார்.

கோமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வேலாயுதம் எழுந்து நின்றார்.

“கோமதி, நடந்ததெல்லாம் நடந்துபோச்சு. இப்ப நாடே பாத்துக்கிட்டிருக்கு. நீ வந்து ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்தாப் போதும்.”

“எந்த எடத்துல அத்தான்?”

“அவன் படத்துக்குப் பக்கத்துலதான்.”

“வரலை அத்தான்.”

“தீர்ப்பு ஆகலைல்லா. சட்டப்படி நீ அவன் பொண்டாட்டி.”

“ஆமா. அதுக்காகத்தான் தேதி வாங்கியிருந்தோம்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மாமா, பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டுவரணும். ஆத்தா சொல்லிவிட்டிருக்கா. கோடி வரலைன்னா ஊரு என்ன பேசும்னு ஒங்களுக்கே தெரியும். பெரியவுக எல்லாம் வாராவ. கேமரா வேற.”

கணவன் இறந்த பெண்ணுக்குப் பதினாறாம் நாளன்று பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுபோய்ப் போர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சேலை அவள் தோளில் விழுந்தால்தான் அவள் விதவை என்று சபை ஏற்கும். எங்கள் வீட்டில் ஆண் என்று நான் ஒருவன்தான்.

பார்க்கலாம் என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

கார் போனதும் கோமதியிடம் கேட்டேன், அந்தக் கொரியாக்காரர் விஷயம் உண்மையாக இருக்குமா என்று.

“உண்மையாத்தான் இருக்கும். மேல இருக்கறப்ப நல்ல மனுசன்தான்ப்பா. எறங்கி வீட்டுக்கு வந்தாத்தான்.” காப்பித் தம்ளர்களை அடுக்கினாள். “நீங்க கோடி கொண்டு போகாதீங்க. அதை மட்டும் சொல்லிட்டேன்.”

26 மே, திங்கள்

வக்கீலம்மா ஜெபசீலி பேசினார். ஒருவர் இறந்துவிட்டால் மனு அத்தோடு முடிந்துவிடுமாம். இனித் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது.

“சட்டத்துக்கு கோமதி இப்ப அவரோட விதவைதான் சார். ஊருக்கு என்னன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“நான் என்ன முடிவு பண்ண முடியும்?”

“முதல்ல யார் சார் அவங்களை விதவையாக்கினது? பேப்பர்ல வந்த அந்த விளக்குச் செய்தியை எடுத்துப் பாருங்க.”

ரத்த அழுத்தம் 160/94. நடக்கப் போகவில்லை.

27 மே, செவ்வாய்

படத்திறப்பு அன்று வெளியிட ஒரு மலர் தயாரிக்கிறார்களாம். நறுக்குத் தொகுதிகளைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கும் முன் அட்டவணையைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அகரவரிசையில் நானே தயாரித்தது. ‘கோ’ வரிசையில் கோமதி என்று தேடினேன். பதிவு இல்லை. ‘ம’ வரிசையில் ‘மனைவி, உடன்’ என்று இருந்தது. ஒன்பது எண்கள். ஒன்பதையும் புரட்டிப் பார்த்தேன். 388ஆம் எண் ஒரு பாராட்டு விழாப் படம். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரி மாதம். மேடையில் குமார், அமைச்சர், நான். படத்தின் கீழே ‘சிகரச் சிங்கத்தின் மாமனார்’ என்று என் பெயர். முன்வரிசையில் ஓரமாகக் கோமதி. பார்வை மேடையில் இல்லை.

தொகுதிகளைக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

28 மே, புதன்

பிரம்மநாயகம் ஜவுளிக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். போகக்கூடாது என்றுதான் காலையில் தீர்மானித்திருந்தேன்.

“என்ன விசேசத்துக்கு சார்?” என்று கேட்டார் விற்பனையாளர். வீட்டு விசேஷம் என்றேன். முகூர்த்தப் பட்டுகளை விரித்துப் போட்டுவிட்டார். மாம்பழக்கலர், கிளிப்பச்சை. பிரம்மநாயகம் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் பட்டுகளை அப்படியே ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். உள்ளே போய் அவரே ஒரு வெளிர்சாம்பல் பருத்திச் சேலையைக் கொண்டுவந்தார். மெல்லிய கரை. பிறகு என்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பையை என் அலமாரியில் அகராதிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கோமதி அங்கே தேடமாட்டாள்.

29 மே, வியாழன்

தேடவில்லை. ஆனால் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ‘மகளுக்குக் கோடி எடுக்கும் தந்தை.’ பண்ணையில் யாரோ அவளிடம் காட்டியிருக்கிறார்கள். வந்ததும் கேட்டாள்.

“என்ன கலர்ப்பா?”

சொன்னேன். அவள் குளிக்கப் போய்விட்டாள்.

31 மே, சனி

நேற்று எதுவும் எழுதவில்லை. 1974லிருந்து எழுதுகிறேன், எழுதாமல் விட்ட நாட்கள் குறைவு.

இன்று பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 22. ‘கோமதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது காதில் ரத்தம். செவிப்பறை கிழிந்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.’ என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. அன்று டாக்டர் வேறொன்றும் சொன்னார். விழுந்தால் இப்படிக் கிழியாது என்றார். அறைந்தால்தான் கிழியும் என்றார். அதை நான் எழுதவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 9. ‘கோமதி வந்திருக்கிறாள்.’ அவ்வளவுதான். வியாழக்கிழமை. கையில் பெட்டி. இனிப் போகமாட்டேன் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. விழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றேன். விழா முடிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளைக் குமாரின் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியவன் நான். அதற்கு முந்தைய வருடமும் ஒருமுறை வந்தாள். அப்போதும் பஸ் ஏற்றிவிட்டேன்.

எனக்கு மேடை பிடித்திருந்தது. என்னை அதுவரை யாரும் எதற்கும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

1 ஜூன், ஞாயிறு

நாளைக் காலை 5.40 பஸ். கோமதியிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தாள். சேலையைப் பற்றிக் கேட்கவில்லை. பையில் அது இருப்பது அவளுக்குத் தெரியும்.

2 ஜூன், திங்கள்

இரவு 8.15. வந்து சேர்ந்தேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோர இடம். மண்டபத்தில் என்ன பேசுவது என்று ஒரு காகிதத்தில் நான்கு குறிப்புகள் எழுதினேன். 1. வணக்கம். 2. மன்னிப்பு. 3. உண்மை நிலை. 4. சேலை. பஸ் ஆட்டத்தில் எழுத்துக் கோணியது. பாவூர்சத்திரம் வந்ததும் பேச வேண்டாம் என்று முடிவு செய்து காகிதத்தை மடித்துவிட்டேன். சேலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று நினைத்தேன். கோமதி நேரில் இல்லாததால் யார் தோளிலும் விழப்போவதில்லை. வெறும் துணி.

மண்டபத்துக்குள் நுழைய அரை மணி ஆனது. குமார் படம் போட்ட பனியன் அணிந்த இளைஞர்கள். வாசலில் சிலை எங்கே வைப்பது என்று இரண்டு கோஷ்டிக்குள் தகராறு. ஒரு கோஷ்டி பஸ் ஸ்டாண்ட் என்றது, இன்னொன்று பள்ளிக்கூடம் என்றது. மேடையில் பத்தடி உயரப் படம், ரோஜா மாலை. படத்துக்கு ஒருபக்கம் குமாரின் தாயார் சங்கரவடிவு மதினி உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் ஒரு காலி நாற்காலி. அதன்மேல் குங்குமமில்லாத தாம்பாளம்.

தொகுத்து வழங்கியவர் பட்டிமன்றப் பேச்சாளர். பெயருக்கேற்ற மலைமகன் என்றார், பனியைப் பஞ்சணையாக்கியவர் என்றார். பல பேர் அழுதார்கள். நானும் அழுதேன். அவர் நன்றாகத்தான் பேசினார். குமார் ஒரு கொரியாக்காரரைக் காப்பாற்றினார் என்பதும் மெய்தானே.

பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்.”

வேலாயுதம் என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். “கோமதி ஒடம்புக்கு முடியாம படுத்திருக்கா. கோடிய நாற்காலில போத்திருங்க மாமா. அது போதும்.” தாழ்ந்த குரலில்தான் சொன்னார். தொகுப்பாளர் மைக்கில் திருப்பிச் சொன்னார்: “கணவர் பிரிவால் நோயுற்றுக் கிடக்கும் அந்தக் குலவிளக்குக்கு, தந்தையின் கரங்களால்...”

சேலையைப் பிரித்தேன். நாற்காலியின் முதுகுவரை கொண்டுபோனேன். கோமதி இப்போது பன்னிரண்டு மணிக்கு வந்த பாலின் மாதிரியைச் சோதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைவு வந்தது. அவள் நோயுற்றுக் கிடக்கவில்லை. இவர்கள் அவளை இந்த நாற்காலியில் உட்காரவைத்தே விடுவார்கள். நான் கையை எடுத்தால் முடிந்தது. அப்புறம் அவள் சாகும்வரை இந்த நாற்காலியில்தான் இருப்பாள்.

மைக்கைக் கேட்டேன். இரங்கல் உரை என்று நினைத்துக் கொடுத்தார்கள்.

நான்கு குறிப்புகளில் வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். சொன்னது இவ்வளவுதான்:

“என் மகளுக்கு நோய் ஒண்ணும் இல்லை. வேலைக்குப் போயிருக்கா. அவளும் மாப்பிள்ளையும் பிரிஞ்சு ரெண்டு வருசமாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கோர்ட்டுல மனுக் கொடுத்திருந்தாங்க. அவர் அவளை அடிச்சார். ஒரு காது போயிருச்சு. ரெண்டு தடவை என்கிட்ட வந்தா. ரெண்டு தடவையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். அவ விளக்கேத்திக் காத்திருக்கலை. அதை நான்தான் சொன்னேன், அது பொய். இந்தக் கோடி அவளுக்கு வேண்டாம்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “கெழவன எறக்குங்கல.” நாற்காலிகள் நகர்ந்தன. வேலாயுதம் மைக்கைப் பிடுங்கி, மாமாவுக்கு அதிர்ச்சியில் மனது சரியில்லை என்றார். என் முழங்கையை யாரோ அழுத்திப் பிடித்தார்கள். இன்னும் வலிக்கிறது.

அப்போது சங்கரவடிவு மதினி கையை நீட்டினார்கள்.

“அதை இங்க தாங்க அண்ணாச்சி.”

சேலையைக் கொடுத்தேன். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். அவன் அப்பன் கையும் அதுதான்.” சேலையின் மடிப்பை நீவிவிட்டார்கள். “எம்புள்ள செத்த வீட்டுல வச்சு இதைச் சொல்லிட்டீயளே அண்ணாச்சி.”

“மன்னிச்சிருங்க மதினி.”

“போங்க. பஸ் போயிரும்.”

இளைஞர்கள் வழிவிடவில்லை. மதினி அங்கிருந்தே, விடுங்கடே என்றார்கள். விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கோமதி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காணொளி மதியமே வந்துவிட்டது.

“மைக்கை வாய்கிட்ட ஒட்டிப் பிடிச்சிட்டீங்க. பாதி கேக்கவே இல்ல. மூணு தடவை போட்டுப் பாத்தேன்.”

“எந்தப் பாதி கேட்கலை?”

“கேட்டது போதும்ப்பா. கை காலைக் கழுவிட்டு வாங்க.”

3 ஜூன், செவ்வாய்

காலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் சாணி. கேட்டில் கரியால் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. கழுவினேன். பிரம்மநாயகம் எதிர்ச்சாரியில் போனார், பார்க்காத மாதிரி. அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரம் அவர்தான் வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்.

4 ஜூன், புதன்

பத்திரிகைகள், நறுக்கவில்லை. செத்தவர் திரும்பி வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியம்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியோ என்று நாள் முழுக்க யோசித்தேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் நான் அந்த மைக்கை வாங்கியிருக்க மாட்டேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

5 ஜூன், வியாழன்

நிறைய அழைப்புகள், எல்லாம் வசவு. ஒன்று மட்டும் வேறு. சிவகாசியிலிருந்து ஒரு பெண். பெயர் சொல்லவில்லை.

“அய்யா, அதைச் சொல்ல ஒங்களுக்கு எத்தன வருசம் ஆச்சு?”

“மூணு.”

“எங்கப்பாவுக்குப் பத்தொம்பது ஆச்சு. இன்னும் சொல்லலை” என்றாள். வைத்துவிட்டாள்.

7 ஜூன், சனி

பண்ணையில் கோமதியைக் கொஞ்ச நாள் விடுப்பில் போகச் சொன்னார்களாம். போகமாட்டேன் என்றாளாம். கத்தரிக்காய் வாங்கி வந்தேன்.

9 ஜூன், திங்கள்

நீங்கள் யாரும் வரவேண்டாம், குறிப்பு ஒன்று கொடுத்தால் மனுவை முடித்துவிடுவார்கள் என்று ஜெபசீலி சொல்லியிருந்தார். கோமதி கேட்கவில்லை.

“எனக்குக் குடுத்த தேதிப்பா. நான் போகணும்.”

10.05க்குக் குடும்ப நீதிமன்றம் சேர்ந்தோம். நீண்ட தாழ்வாரம். விடுமுறை முடிந்த இரண்டாம் வாரம் என்பதால் நல்ல கூட்டம். கைக்குழந்தைகள், சாப்பாட்டுப் பைகள், ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கும் தம்பதிகள். எங்களை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வழக்கு.

11.50க்கு எங்கள் மனு எண் வந்தது. நீதிமன்ற ஊழியர் வாசலுக்கு வந்து நின்று பெயர்களைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, தொண்டை கட்டியிருந்தது.

“கோமதி.”

“இருக்கேன்” என்று கோமதி எழுந்தாள்.

“திருமலைக்குமார்.”

ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அங்கே முறை. அவர் தாழ்வாரத்தின் இந்தக் கோடியைப் பார்த்து இரண்டாம் தடவை கூப்பிட்டார். ஒரு குழந்தை மட்டும் திரும்பியது. பிறகு படிக்கட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி, கீழே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி கையை வாயருகே வைத்து, நீட்டிக் கூப்பிட்டார்.

“திருமலைக்குமாஆஆர்.”

கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோமதியும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்திருக்காராம்மா?”

கோமதியின் முகம் கோணியது. இந்த இருபத்தொரு நாட்களில் நான் பார்க்காத அழுகை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

ஜெபசீலி உள்ளே போய்க் குறிப்பைக் கொடுத்தார். ஊழியருக்கு இதெல்லாம் பழக்கம்போல.

“அந்தப் பக்கம் பெஞ்சு இருக்கும்மா. ஃபேன் ஓடுது. போய் உக்காருங்க.”

போய் உட்கார்ந்தோம். அவர் அடுத்த இருவரின் பெயர்களைக் கூப்பிட்டார்.